சுருட்டின் ருசியும் அதைச் சோதிக்கும் நியாயமும்

மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை நின்று பெய்யும் இலங்கையின் லக்கல மலைச்சாரலில், முகடுகளை மூடிய பனி சரிவிறங்கி வீட்டினுள்ளேயே புகுந்து, உப்புச் சிரட்டையையும் தீப்பெட்டியையும் ஒருசேர நனைத்துவிட்ட ஒரு நாளில்தான், சுருட்டின் தரத்தைப் பற்றி நான் அதுவரை கொண்டிருந்த அபிப்பிராயங்கள் எவ்வளவு பலவீனமான அஸ்திவாரத்தின் மேல் நின்றன என்பது எனக்குப் புலப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கட்டொன்றும், உறவினர் ஒருவர் திருச்சிராப்பள்ளி உறையூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியொன்றும், வெளிநாடு சென்று திரும்பிய நண்பர் அளித்த ஹவானாச் சுருட்டுகள் நான்கும் அப்போது என் கைவசம் இருந்தன. அதற்கு முந்திய ஆடியில், மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு இப்பக்கம் வறண்டு வீசும் கச்சான் காற்றின் நாட்களில், அவற்றில் ஒவ்வொன்றை எடுத்து, நாளுக்கு ஒன்றாகப் புகைத்துப் பார்த்து, யாழ்ப்பாணத்தை முதலிலும் ஹவானாவை அடுத்தும் உறையூரைக் கடைசியிலும் வைத்துக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். தை மாதத்தில் அதே கட்டிலிருந்தும் அதே பெட்டிகளிலிருந்தும் மறுபடி எடுத்துப் புகைத்தபோதோ, யாழ்ப்பாணச் சுருட்டு இழுக்க இழுக்க அணைந்து தொண்டையைக் கமறச் செய்தது. ஆடியில் சருகுபோல் சுள்ளென்று எரிந்து காட்டம் மட்டுமே தந்த உறையூர்ச் சுருட்டு, பதம் பெற்று, மணமும் நிதானமும் உடையதாய் முதல் ஸ்தானத்திற்கு ஏறிவிட்டது. ஹவானா மட்டும் இரண்டாம் இடத்திலேயே இருந்தது.

ஆறு மாதத்தில் இலை மாறவில்லை, சுற்றிய கை மாறவில்லை, புகைத்தவனும் மாறவில்லை. தீர்ப்பு மாத்திரம் தலைகீழாயிற்று. அப்படியாயின் நாம் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்போது உண்மையில் எதைச் சோதிக்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. மண்ணையா, பதப்படுத்திய முறையையா, சுற்றியவனின் கைத்திறனையா, அல்லது பெட்டிக்குள் இருந்த ஈரத்தையா? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

சுருட்டு நம்முடைய சொல் என்பதை முதலில் நினைவூட்டிக்கொள்வது நன்று. சுருட்டப்பட்டது சுருட்டு, அந்தச் சொல்லே ஆங்கிலத்தில் ஷெரூட் என்றும், போர்த்துக்கீசிய மொழியில் ஷருட்டோ என்றும், சிங்களத்தில் ஒலி சற்றும் மாறாமல் சுருட்டு என்றும் வழங்குகிறது. புகையிலையைச் சிங்களவர் துங்கொள என்பர். புகையின் இலை என்ற அதே பொருள். செடியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியரின் கப்பல்வழி வந்தது. அதைச் சுருட்டிப் புகைக்கும் வழக்கமும் அங்கேயே பிறந்தது. எனினும் அந்த வழக்கத்துக்குக் கிழக்குலகம் முழுவதிலும் பெயர் சூட்டிய பெருமை தமிழுக்குரியதாயிற்று. ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த கரிய, செதில்செதிலான சாம்பலைக் கண்ட மாத்திரத்தில் அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். லண்டன் வாசகனுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டிய அவசியம் அக்காலத்தில் இருக்கவில்லை. 1863இல் தோன்றிய சென்னை ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் தொழிற்சாலை வைத்து இச்சுருட்டுகளைச் செய்து கடல் கடத்தியது. உறையூரில் ஃபென் தாம்ஸன் போன்ற சுருட்டுக் கம்பெனிகள் அந்தத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்தன.

இலையின் விஷயத்துக்கு வருவோம். புகையிலையைத் தோட்டத்திலிருந்து வெட்டியதும் அதை எவ்வாறு உலர்த்துகிறோம் என்பதே அதன் ஜாதகத்தை நிர்ணயிக்கிறது. மூடிய கூடத்தில், புகை படாமல் குழாய் வழியாக அனலேற்றி, ஒரு வாரத்துக்குள் மஞ்சளாக வாட்டினால், இலையிலுள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதன் புகை அமிலத்தன்மை உடையதாய், நெஞ்சுக்குள் இழுக்க இசைவானதாய் அமையும். சிகரெட்டுக்குரிய வெர்ஜீனியா இலை அத்தகையது. காற்றோட்டமான கூடத்தில் ஒன்றரை, இரண்டு மாதம் தொங்கவிட்டு மெல்ல மெல்ல உலரவிட்டால், இலை உயிரோடிருக்கும் அந்நாட்களில் தன் சர்க்கரையைத் தானே எரித்துத் தீர்த்துவிடும். பிறகு அதைக் குவியலாக அடுக்கிப் புழுங்க வைக்கையில் அம்மோனியா நெடி வெளியேறி, புரதம் சிதைந்து, கறுத்து, மணம் பிறக்கும். அதன் புகை காரத்தன்மை உடையது. சுருட்டுப் புகையை உள்ளிழுக்காமல் வாயிலேயே வைத்திருப்பவனுக்கும் மயக்கம் வருவது, அந்தக் காரப் புகையிலிருந்து நிக்கோட்டின் வாயின் மென்தோல் வழியாகவே இரத்தத்தில் சேர்ந்துவிடுவதால்தான்.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரங்களிலும் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் சேனைக் காணிகளில் சிகரெட் கம்பெனிக்காகப் பயிரிடப்பட்டது பெரும்பாலும் அந்த வெர்ஜீனியா இனமே. ஆதலால் இம்மலைச்சாரலில் புகையிலை விளைந்ததென்பதைக் கொண்டு லக்கலச் சுருட்டு என்றொரு மரபைக் கற்பித்துப் பேசுவது சரியாகாது. இவ்வூர் சுருட்டைப் புகைத்த ஊர், செய்த ஊரன்று. வாட்டும் கூடங்களுக்கு வேண்டிய விறகு காட்டிலிருந்தே வந்தது. அதனினும் பெரிய நஷ்டம் மண்ணுக்கு நேர்ந்தது. மலையகத்தின் நடுத்தர உயரச் சரிவுகளில், வரம்பும் வடிகாலும் இல்லாத புகையிலைக் காணிகளிலிருந்து ஆண்டொன்றுக்கு ஹெக்டேயருக்குச் சுமார் 70 டன் மண் அடித்துச் செல்லப்படுவதாக 1980களில் அளந்து கண்டிருக்கிறார்கள். மரமும் செடியும் கலந்த வீட்டுத் தோட்டத்திலோ அது ஒரு டன்னை எட்டுவதேயில்லை. 2000ஆம் ஆண்டில் மேல்மலைக் காடு பாதுகாப்பு வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டதும், 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியதும் இந்த அநுபவத்துக்குப் பின் வந்தவை. புகையிலையின் ருசியைப் பற்றி எழுதுகிறவன் இந்த மண்ணின் கணக்கை மறைத்து எழுதலாகாது என்று நான் திடமாக நம்புகிறேன்.

யாழ்ப்பாணம் முற்றிலும் வேறான கதை. அங்கே சரிவில்லை, சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த செம்மண், ஆறில்லாத அந்நாட்டில் கிணறும் துலாவுமே நீர். மாட்டெருவும் ஆட்டெருவும் இட்டு, குழை தாழ்த்தி, பிள்ளையை வளர்ப்பதுபோல் ஒவ்வொரு கன்றையும் பார்த்து, நுனி முறித்து, பக்கக் கிளைகளைக் கிள்ளி, இலையைத் தடிக்கச் செய்வார்கள். இலையைப் பதப்படுத்துவதிலும் அவர்களுடைய முறை தனியானது. குடிலுக்குள் தொங்கவிட்டுத் தேங்காய்ப் பொச்சுமட்டையின் புகையை அதற்கு ஊட்டுவார்கள். ஹவானாவின் இலை காற்றில் உலர்வது, யாழ்ப்பாணத்தின் இலை புகையில் பழுப்பது என்ற இந்த ஒரு பேதமே இரண்டின் மணத்தையும் பிரித்துவிடுகிறது. இவ்வாறு பதப்பட்ட இலையின் ஒரு பகுதி மலையாளப் புகையிலை என்ற பெயரோடு, வெற்றிலையுடன் மெல்லுவதற்காகத் திருவாங்கூருக்குத் தோணிகளில் சென்றது; ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்தின் செல்வம் அந்த வியாபாரத்தோடு உயர்ந்தும் தாழ்ந்தும் வந்திருக்கிறது. மற்றொரு பகுதி சுருட்டுக் கொட்டில்களுக்குப் போயிற்று.

கொட்டிலில் இலைக்கு இன்னொரு சம்ஸ்காரம் நடக்கிறது. அதற்குக் கோடா என்று பெயர். புகையிலைச் சாறும் இனிப்பும் கலந்து புளிக்கவைத்த அந்தத் திரவத்தின் பாகம் ஒவ்வொரு முதலாளியும் தன் வீட்டாருக்கு மட்டுமே சொல்லிவைக்கும் இரகசியம். ஒரே தோட்டத்து இலை இரண்டு கொட்டில்களில் இரண்டு ருசி கொள்வது கோடாவினால்தான். ஹவானாவின் அபிமானிகள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இலைக்கு இலையைத் தவிர வேறெதையும் சேர்த்தல் அவர்கள் சாஸ்திரப்படி தோஷம். ஆனால் ஒரு மரபின் விதியைக் கொண்டு மற்றொரு மரபைக் குற்றவாளியாக்குவது நியாயமாகுமா? ஊறுகாயில் உப்பிருக்கிறதென்று பழத்தின் பக்கம் நின்றுகொண்டு குறை சொல்வதைப் போன்றதே அது. கோடாவின் பயன் மணம் மட்டுமன்று. சர்க்கரை ஈரத்தைப் பற்றி வைத்திருக்கும் குணமுடையது; வெயிலில் வறண்டு கிடக்கும் வடநாட்டிலே சுருட்டு சருகாகிவிடாமல் அதுவே காக்கிறது. என் குறிப்பேட்டில் ஆடியிலும் தையிலும் கண்ட முரணுக்கு விடை இங்கேதான் கிடைத்தது. ஆடியின் வறட்சியில் யாழ்ப்பாணச் சுருட்டைக் காத்த அதே இனிப்பு, தையின் மூடுபனியில் அளவுக்கு மிஞ்சிய ஈரத்தைக் குடித்து அதை அணைத்தது. அத்தகைய சேர்க்கையில்லாத உறையூர்ச் சுருட்டோ வறட்சியில் கெட்டு, ஈரத்தில் சீர்பட்டது. நான் சுருட்டைச் சோதித்ததாக எண்ணிக்கொண்டு லக்கலவின் காற்றைச் சோதித்திருக்கிறேன்.

கொட்டிலைப் பற்றிச் சொல்லும்போது அங்கு நடந்த வாசிப்பைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசையாக உட்கார்ந்து, கை ஓயாமல், வாய் மூடிச் சுற்றும் தொழிலாளருக்கு ஒருவர் பத்திரிகையையும் தொடர்கதையையும் உரக்க வாசிப்பார். எழுத்தறியாதவர்கள்கூட நாட்டு நடப்பையும் கல்கியின் கதைமாந்தரையும் பற்றி வாதம் செய்யும் ஞானத்தை அந்தக் கொட்டில்களில் பெற்றார்கள். ஹவானாவிலும் 1865 முதல், எல் ஃபிகாரோ என்ற தொழிற்சாலையில் தொடங்கி, இதே வழக்கம் இருந்துவருகிறது. அங்கு தொழிலாளர் விரும்பிக் கேட்ட நாவலொன்றின் பெயரே மாண்ட்டி கிறிஸ்ட்டோ என்ற பிரசித்தமான சுருட்டுக்கும் சூட்டப்பட்டது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு தீவுகள், ஒரே தொழிலின் அலுப்புக்கு ஒரே மருந்தைக் கண்டுபிடித்தன. யாழ்ப்பாணத்தார் தென்னிலங்கையின் சிறு நகரங்களிலெல்லாம் வைத்திருந்த சுருட்டுக் கடைகள் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில் பெரும்பாலும் அழிந்தன. அதன்பின் யுத்தகாலத்தில் பாதையே மூடப்பட்டபோது, கொட்டில்கள் பலவற்றில் வாசிப்பவரும் இல்லை, சுற்றுபவரும் இல்லையென்றாயிற்று.

திருச்சிராப்பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அதன் இலை திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்து மண்ணில் விளைவது. வேடசந்தூரில் 1948இல் சுருட்டுப் புகையிலைக்காக ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கே பாய்ச்சும் நீரில் உப்பு மிகுந்தால் இலையில் குளோரைடு ஏறி, நெருப்பு நின்று எரியாது. பொட்டாசியம் மிகுந்தால் நன்றாக எரியும். மெல்லும் புகையிலைக்கு உப்பு நீர் குற்றமில்லை, சுருட்டுக்குக் குற்றம். இரண்டு முனையும் வெட்டுண்டு, நேரே உருண்டு, அலங்காரமில்லாமல் இருக்கும் அச்சுருட்டில் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே ருசிதான். அது காட்டமான, மிளகு போன்ற, ஒளிவுமறைவற்ற ருசி. மலையகத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் மிகப் பலர் திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்து புறப்பட்டு, மன்னார் கரையேறி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களாகையால், அந்தக் காட்டமே என் பாட்டனார் காலத்தில் சுருட்டு என்பதற்கு இலக்கணமாக எங்கள் வீட்டில் இருந்தது.

ஹவானாவின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் வுவெல்டா அபாஹோ என்ற செம்மண் பூமியில் விளையும் இலைகளை, செடியில் இருந்த உயரத்தைக்கொண்டே தரம் பிரிக்கிறார்கள். அடியிலை எளிதில் பற்றி எரியும், ருசி குறைவு. நடுவிலை மணம் தரும். வெயிலை முழுதும் வாங்கிய மேலிலை தடித்து, காட்டம் மிகுந்து, மெல்ல எரியும். இம்மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்து, காட்டமான மேலிலையை நடுவே வைத்து, மடித்து மடித்துக் காற்றுக்கு வழிவிட்டு, ஓர் இலையால் கட்டி, துணிப்பந்தலின் நிழலில் வளர்த்த மெல்லிய போர்வையிலையால் மூடுவதே அவர்கள் வித்தை. அதனால்தான் நல்ல ஹவானாவின் முதற்பகுதியில் ஒரு ருசியும், நடுவில் வேறொன்றும், முடிவில் மூன்றாவதும் தோன்றுகின்றன. இராகம் ஆலாபனையில் விரிவதுபோல அது விரிகிறது. நம்முடைய சுருட்டில் இந்த விரிவு கிடையாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதை ஒப்புக்கொள்ளாத தேசாபிமானம் எனக்கு உடன்பாடன்று.

ஆனால் அந்த விரிவையே தரத்தின் ஒரே அளவுகோலாக்கி, நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று போடும் வழக்கம், 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய சிகார் அஃபிசியனாடோ என்ற சஞ்சிகையால் உலகெங்கும் பரவிய பிறகு, ருசி பார்ப்பது என்பதே ஒரு தேர்வு மண்டபத்துக் காரியமாகிவிட்டது. பெயர்ப்பட்டியைக் கழற்றி மறைத்து வைத்துச் சோதிக்கும் அவர்களுடைய நேர்மையை நான் மதிக்கிறேன். பற்றவைக்குமுன் வெறுமனே இழுத்துப் பார்த்தல், நெருப்பு வளையம் ஒருச்சாய்ந்து எரிகிறதா என்று நோக்குதல், சாம்பல் நின்று பிடிக்கிறதா என்று கவனித்தல் ஆகியவையெல்லாம் நாமும் கைக்கொள்ளத் தக்கவை. பருமனை அங்குலத்தில் அறுபத்துநான்கில் ஒரு பங்காக அளந்து சொல்லும் அவர்களுடைய வழக்கும் பயனுள்ளதே, ஏனெனில் ஒரே இலையும் பருமன் மாறினால் ருசி மாறும். 47 பருமனும் ஏழங்குல நீளமும் உள்ள சர்ச்சில் வகையை ஒரு குட்டைச் சுருட்டோடு ஒப்பிடுவது வீண் வேலை. நூற்றுக்கு அறுபத்தைந்து முதல் எழுபதுவரை ஈரப்பதமுள்ள பெட்டியில் வைத்துத்தான் சோதிக்கவேண்டும் என்ற விதியோ எல்லாவற்றினும் முக்கியமானது என்பதை நான் பட்டறிந்துகொண்டேன்.

சொற்களின் விஷயத்தில்தான் நமக்கும் அவர்களுக்கும் தூரம் அதிகம். தேவதாரு மரம், தோல், கொக்கோ, வறுத்த கோப்பி என்று அவர்கள் ருசியை வேறு பொருளின் பெயரால் சொல்கிறார்கள். நம் கிழவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. காட்டம், நெடி, கமறல், துவர்ப்பு, நா எரிவு, பதம் என்று சுருட்டு உடம்பில் செய்யும் காரியத்தைக் கொண்டு சொல்கிறார்கள். முதல் முறையில் கற்பனைக்கு இடமுண்டு, மிகைக்கும் இடமுண்டு. இரண்டாவதில் துல்லியம் உண்டு, விரிவு இல்லை. ஏலக்காய் உலர்த்திய கூடத்தின் வாசனையும், மழை விட்டதும் இலுக்குப் புல்லிலிருந்து எழும் மணமும் நிறைந்த இம்மலையில் இருந்துகொண்டு, நான் பார்த்தறியாத தேவதாருவின் பெயரை என் குறிப்பேட்டில் எழுதியிருந்ததை இப்போது வாசிக்கும்போது, அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு மீண்டும் எழுதவேண்டுமென்றே தோன்றுகிறது.

உடம்பில் செய்யும் காரியம் என்றேன். புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும் சக்தி சுருட்டுக்கு உண்டு என்பதில் இன்று வைத்தியர்களிடையே அபிப்பிராய பேதமில்லை. சுட்டா என்று தெலுங்கில் வழங்கும் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கமுடைய விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பகுதிப் பெண்களிடம் மேலண்ணப் புற்றுநோய் மிகுந்து காணப்பட்டது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்து, இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதைக் குற்றமாக்கியது சரியான காரியமே. என் பாட்டனார் புகைத்ததுபோல நாளெல்லாம் புகைப்பவருக்காக நான் இதை எழுதவில்லை. ஒரு கைத்தொழில் மறைந்துவிடுமுன் அதன் திறனைச் சரியான தராசில் நிறுத்துச் சொல்லவேண்டும் என்ற ஆசையே என்னை எழுதத் தூண்டியது.

சித்திரையில், வடகீழ்ப் பருவமழையுமில்லாத கச்சானுமில்லாத இடைக்காலத்தில், மூன்று வகையையும் ஒரே தகரப் பெட்டியில் ஒரு மாதம் வைத்திருந்து மூன்றாம் முறையாகச் சோதித்தேன். இவ்வித்தையை எனக்குக் கற்பித்தது பழைய பல்லேகமக் கடைத்தெருவில், 2018இல் நிரம்பத் தொடங்கிய களு கங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் இப்போது கிடக்கும் அத்தெருவில், நான் சிறுவயதில் கண்ட ஒரு கடை. மழைக்காலத்தில் சுருட்டுப் பெட்டியை அடுப்புக்கு மேலே பரணிலும், வெயில் காலத்தில் தண்ணீர்ப் பானைக்கருகிலும் வைப்பது அக்கடைக்காரரின் வழக்கம். நாற்பது வருஷம் கழித்துத்தான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. இம்முறை ஹவானா முதலாவதாக நின்றது. அதைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்துக்கும் உறையூருக்கும் இடையே என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. ஒன்றின் இனிய கனமும் மற்றதன் நேரிய காட்டமும் ஒரே தராசில் ஏற மறுத்தன.

நான்கில் மிஞ்சிய கடைசி ஹவானாவை அடுத்த முறை யாழ்ப்பாணம் போனபோது, கொட்டிலில் ஐம்பது வருஷம் சுற்றிய ஒரு முதியவரிடம் கொடுத்து, புகைத்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி கேட்டேன். அவர் அதை வாயில் வைக்கவேயில்லை. விரலால் உருட்டி அமுக்கிப் பார்த்தார். காதருகே கொண்டுபோய் மெல்ல நெரித்துக் கேட்டார். பிறகு இடுப்பிலிருந்த பேனாக்கத்தியை எடுத்து நெடுகக் கீறி, போர்வையிலையைக் கிழியாமல் உரித்துத் தொடைமேல் விரித்து, உள்ளே மடிந்திருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவை எந்தப் பக்கம் நரம்பு வைத்து அடுக்கப்பட்டிருந்தன என்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தினவன் அவதிப்படேல்லை, மாஸ்ரர்" என்றார்.